ஒரே மை

அந்த ஜனவரியில் நான் பனியைத் தின்றேன்.
பள்ளியிலிருந்து வீடு வரை ஒன்றரைக் கிலோமீட்டர்,
கையுறையால் அள்ளி அள்ளி,
கம்பளி இழையோடு விழுங்கியும்
தாகம் அடங்கவில்லை.
சவுனாவுக்கு வைத்த வாளியில்
பாதித் தண்ணீரைக் காணோமென்று
அண்ணன் வெய்னோ மேல் பழி விழுந்தது.
பிறகு படுக்கை நனைந்தது, எட்டு வயதில்.
அதை அவன் மேல் போட வழியில்லை.

கயானி ஆஸ்பத்திரியில்
நர்ஸ் ஹெல்லெவி ஒரு ஆரஞ்சுப் பழம் தந்தாள்.
"தோல் போலத்தான். குத்திப் பழகு."
வெறும் தண்ணீர் ஏற்றிய ஊசியால்
பதினேழு முறை குத்தினேன்.
எங்கள் ஊருக்குக் கிறிஸ்துமஸில் மட்டும் வரும் பழம்.
"இதைச் சாப்பிடலாமா?"
அவள் சிரிக்கவில்லை.
தராசை எடுத்து மேசையில் வைத்தாள்.
இனி எந்தப் பந்திக்கும்
எனக்கு முந்தி எண்கள் உட்காரும் என்று
அப்போதுதான் புரிந்தது.

கண்ணாடிச் சிரிஞ்சை அம்மா
காபிக் கெட்டிலுக்குப் பக்கத்தில் கொதிக்க வைப்பாள்.
அப்பா மரம் வெட்டுகிறவர்,
இரண்டு விரலை ரம்பத்துக்குக் கொடுத்தவர்,
என் தொடையில் ஊசி இறங்கும்போது
ஜன்னல் வழியே பறவை பார்ப்பார்.
காலை ஏழு மணி இருட்டில்.
பறவையெல்லாம் தெற்கே போய்விட்ட மாதத்தில்.

இன்சுலினுக்கும் என் குணம்தான்:
குளிரும் ஆகாது, சூடும் ஆகாது.
பனிச்சறுக்குக்குப் போனால் பனியனுக்குள், நெஞ்சோடு.
சவுனாவுக்குப் போனால்
உடைமாற்றும் அறையில், என் காலுறைக்குள்.

ஐந்து சொட்டுச் சிறுநீர், பத்துச் சொட்டுத் தண்ணீர்,
ஒரு மாத்திரை.
குழாய்க்குள் புஸ்ஸென்று பொங்கி நிறம் காட்டும்.
நீலம் என்றால் நல்ல பிள்ளை.
செங்கல் நிறம் என்றால்,
யாரும் திட்டமாட்டார்கள்,
அம்மா உருளைக்கிழங்குக் கிண்ணத்தை
இன்னும் ஒரு சாண் தள்ளி வைப்பாள்.

பதின்மூன்றில் பொய் பழகினேன்.
நோட்டு முழுக்க நீலம், நீலம், பச்சை, நீலம்.
மூன்று மாதம், ஒரே ராத்திரியில்.
நடுவே அந்தப் பச்சை என் சாமர்த்தியம்.
ஹெல்லெவி பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.
"கையெழுத்து அழகு, இர்யா.
ஆனால் தொண்ணூறு நாளும் ஒரே மையா?
ஒரு காபிக் கறைகூட இல்லையே."
டாக்டரிடம் அவள் சொல்லவில்லை.
இழுப்பறையைத் திறந்து
மூன்று பேனா கொடுத்தாள், மூன்று நிறத்தில்.
பொய்யை நிறுத்தவா,
ஒழுங்காகச் சொல்லவா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

மார்ச்சில் ஏரி மேல் சறுக்கிப் போனோம்,
நானும் சைமியும்.
நடுவில் கால் என்னுடையதாக இல்லை.
எதிர்க்கரை பிரிந்து இரண்டாக மிதந்தது.
அவளை ஏதோ கெட்ட வார்த்தையில் திட்டினேனாம்.
சைமி என் கோட்டுப் பையைத் துழாவி
நூலும் புகையிலைத் தூளும் ஒட்டிய சர்க்கரைக் கட்டியை
என் பல்லிடுக்கில் திணித்தாள்.
(புகையிலை என்னுடையது. அதுவும் நோட்டில் ஏறவில்லை.)
சறுக்குப் பலகைகளைப் போட்டு
அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தோம்.
"கரை எத்தனை தெரிகிறது?"
"ரெண்டு."
கொஞ்ச நேரம் கழித்து,
"இப்போ?"
"ஒண்ணு."
"அப்படின்னா எழுந்திரு" என்றாள்.

இப்போது எனக்கு ஐம்பத்தைந்து.
கையில் ஒட்டிய வில்லை போனோடு பேசுகிறது,
என்னைக் கேட்காமல்.
ராத்திரி மூன்று மணிக்கு அலறியது: மூன்று புள்ளி ஒன்று.
குளிர்பெட்டி வெளிச்சத்தில் நின்று
ஆரஞ்சுச் சாறு குடித்தேன், அண்ணாந்து, அளக்காமல்.
எண் ஏறுவதற்குக் கால் மணி நேரமாகும்.
பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.
கைப்பிடிச் சுவரில் புதுப் பனி.
ஒரு வாய் எடுத்துப் போட்டேன்.
ருசியே இல்லை.
அன்றைக்கு எப்படி இனித்தது?

போன் இன்னும் ஏறவில்லை என்கிறது.
இருக்கட்டும்.
கரை ஒன்றுதான் தெரிகிறது.